ஒத்த சுவையினர் காட்டும் வழி

முன்னுரை

பெயர் தெரிந்த நூலைத் தேடுவது எளிது. நூலகப் பட்டியலில் ஆசிரியர் பெயரையோ நூற்பெயரையோ பொருளையோ கொண்டு அதனை எடுத்துவிடலாம். இணையத்திலுள்ள தேடுபொறிகளும் அடிப்படையில் இப்பணியையே விரைந்து செய்கின்றன. கேட்பவன் ஒரு சொல்லைக் கொடுக்க, அச்சொல்லுக்குரிய பக்கங்களை அவை நிரல்படக் காட்டுகின்றன. ஆனால் உளது என்பதே தெரியாத ஒன்றனை ஒருவன் தேடுவது எங்ஙனம்? அதன் பெயரை அறியாதவன் பட்டியலில் எவ்வெழுத்தின்கீழ்ப் பார்ப்பான்? வினாவே எழாதவிடத்து விடை கூறப் பட்டியலால் இயலாது.

இவ்விடத்திலேயே மக்கள் துணை வேண்டப்படுகிறது. நாம் விரும்புவதை விரும்புவார் ஒருவர், நாம் அறியாத ஒன்றனை முன்னரே அறிந்திருப்பாராயின், அவர் வாய்ச்சொல் ஒன்றே நம்மை அதனிடம் கொண்டு சேர்க்கும். நூலுக்கும் இசைக்கும் பொருந்தும் இவ்வுண்மை இணையத்தளங்களுக்கும் பொருந்தும். கடந்த முப்பது ஆண்டுகளில் இவ்வாய்ச்சொல் வழக்கினைக் கணிப்பொறிக்குக் கற்பிக்கும் முயற்சிகள் பல நிகழ்ந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எங்கே வெற்றி பெறுகின்றன, எங்கே தவறுகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாராய்ச்சி செய்வார்க்கு இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். நம் துறையின் மூலங்கள் பல இன்று இணையத்தில் உள்ளன. அவற்றுள் எவை நம் கண்ணிற்படும், எவை படாமலே மறையும் என்பதை இம்முறைகளே பெரும்பாலும் உறுதி செய்கின்றன. ஆதலின் இவற்றின் இயல்பை அறிதல் நமக்குக் கடனாகின்றது.

கும்பகோணத்து நிகழ்ச்சி

முதற்கண் நாமெல்லாம் அறிந்த நிகழ்ச்சியொன்றனை நினைவுகூர்வோம். 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் புராணங்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவந்தார். முதலியார் அவற்றால் நிறைவு எய்தாராய், சீவக சிந்தாமணி முதலிய பழைய நூல்களைக் கற்றதுண்டோ என வினவினார். அன்று அவ்வினா பிறவாதிருப்பின், 1887ஆம் ஆண்டில் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்திருக்குமா என்பது ஐயமே.

இந்நிகழ்ச்சியைப் பலரும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாகக் கூறுவர். நாம் ஈண்டு நோக்குவது வேறொரு கூறு. அவ்விருவரும் தமிழ் நூற்பற்றால் ஒன்றுபட்டவர். ஆயின் கற்ற நூல்களால் வேறுபட்டவர். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல்லாண்டு பயின்றவர். அம்மரபில் அடுத்தடுத்துப் பழகியோர் யாவரும் ஏறக்குறைய அதே நூல்களையே கற்றிருந்தனர். எனவே அவ்வட்டத்தினுள் இருந்த எவரும் அவருக்குச் சிந்தாமணியைக் காட்டக்கூடியவராக இல்லை. வேறு சூழலிலிருந்து வந்தவரே அதனைக் காட்டினார். பின்னர்ச் சமணக் கொள்கைகளை அறியவேண்டி ஐயர் அணுகியதும் கும்பகோணத்துச் சமணர்களையே. அவர்கள் அந்நூலைத் தம் சமய நூலாகப் போற்றிப் படித்துவந்தனர். ஒருவர்க்கு வழக்கொழிந்த நூல் மற்றொருவர்க்கு நாள்தோறும் ஓதும் நூலாய் இருந்தது.

இதனால் அறியப்படுவது யாது? ஒத்த சுவையுடையார் நமக்குப் பயன்படுவது ஒப்புமை ஒன்றனால் மட்டும் அன்று. ஒப்புமை அவர் சொல்லின்மேல் நமக்கு நம்பிக்கை தருகிறது. வேறுபாடு அவர் சொல்லில் நமக்குப் புதுமை தருகிறது. முற்றும் ஒத்தவர் நாம் அறிந்ததையே கூறுவர். முற்றும் வேறுபட்டவர் கூறுவது நமக்குப் பொருந்துமோ என்று அறிய வழியில்லை. இவ்விரண்டற்கும் இடைப்பட்டவரே நல்ல வழிகாட்டி. இவ்விதியை நினைவிற்கொண்டு இணையத்து முறைகளை ஆராய்வோம்.

வழித்தடம் என்னும் கருத்து

இணையம் தோன்றுதற்குப் பல்லாண்டு முன்னரே இக்கருத்து அறிவியலார் உள்ளத்தில் அரும்பியது. 1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலறிஞர் வன்னேவர் புஷ் என்பார், ‘மெமெக்ஸ்’ என்னும் கற்பனைக் கருவியொன்றனை ஒரு திங்களிதழில் விவரித்தார். ஒருவன் தான் படித்தவற்றை ஒன்றோடொன்று பிணைத்து ஒரு வழித்தடம் அமைப்பான். அத்தடத்தைப் படியெடுத்து நண்பனிடம் கொடுப்பான். நண்பன் அதனைத் தன் கருவியில் இட்டு அவ்வழியே செல்வான். புஷ் எதிர்நோக்கியது செய்திகளைச் சேர்த்துவைக்கும் பொறியை மட்டும் அன்று. பிறர் நடந்த வழியில் நடத்தற்கு உதவும் பொறியை. காடு பெரிதாயின் மரங்களின் பட்டியலைக் காட்டிலும் முன் சென்றவர் காலடித்தடமே பயன்தரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

கணிப்பொறி கற்ற வாய்ச்சொல்

1992ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தார் ‘டேப்பெஸ்ட்ரி’ என்னும் அமைப்பைப் பற்றி எழுதினர். மின்னஞ்சலாக வந்து குவியும் செய்திகளுள் எவை படிக்கத்தக்கவை என்பதை, முன்னரே படித்தவர்கள் எழுதிவைத்த குறிப்பைக் கொண்டு அறிய அது உதவியது. கூட்டுமுறைத் தெரிவு எனத் தமிழில் கூறத்தக்க சொல்லாட்சி அவ்வமைப்பினாலேயே வழக்கிற்கு வந்தது. ஆயின் அதனைப் பயன்படுத்துவோர் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் வேண்டும். இன்னார் நன்றெனக் கூறியதை எனக்குக் காட்டுக என்று பெயர் சுட்டிக் கேட்டல் வேண்டும்.

முன்பின் அறியாதவர்களையும் சுவையொப்புமை கொண்டு இணைக்கும் முயற்சி 1994ஆம் ஆண்டில் தோன்றியது. ‘குரூப்லென்ஸ்’ என்னும் அமைப்பு, யூஸ்நெட் என்ற பொதுச் செய்தி மன்றங்களின் கட்டுரைகளைப் படித்தோர் இட்ட மதிப்பெண்களை ஒப்பிட்டது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உபேந்திர சர்தானந்த், பாட்டி மேஸ் ஆகிய இருவரும் ‘ரிங்கோ’ என்னும் இசை வழிகாட்டியை இயக்கினர். அதற்கு மின்னஞ்சல் விடுத்தவர்க்கு 125 இசைக்கலைஞர்களின் பெயர்கள் அடங்கிய பட்டியல் வரும். அவர் தாம் அறிந்தோர்க்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் இட்டு விடுப்பார். அவரையொத்த பிறர் விரும்பிய கலைஞர்களின் பெயர்கள் மறுமொழியாக வரும். அவ்விருவரும் 1995இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, வாய்ச்சொல் பரவுதலைத் தானியக்கமாக்குதல் என்னும் பொருள்படுவதாகும்.

இம்முறையின் உட்கிடையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மூவர் மூன்று பாட்டுக்களைக் கேட்டு ஏழுக்கு இவ்வளவு என மதிப்பெண் இட்டனர் எனக் கொள்க. முதலாமவர் இட்டவை 7, 6, 2. இரண்டாமவர் இட்டவை 6, 5, 1. மூன்றாமவர் இட்டவை 2, 3, 7. மேலோட்டமாகக் காணின் முதல் இருவரும் எப்பாட்டிற்கும் ஒரே மதிப்பெண் இட்டாரல்லர். ஆயின் விடைத்தாள் திருத்துவாருள் கைதாராளமுடையாரும் உளர், கைகடியரும் உளர் என்பதை நாம் அறிவோம். ஆதலின் ஒவ்வொருவர்க்கும் சராசரியைக் கண்டு, அதனின் மேலா கீழா என்று பார்த்தல் வேண்டும். முதலாமவர் சராசரி 5; அவர் இட்டவை முறையே சராசரிக்கு 2 மேல், 1 மேல், 3 கீழ் என அமையும். இரண்டாமவர் சராசரி 4. அவருடையனவும் 2 மேல், 1 மேல், 3 கீழ் என்றே அமைகின்றன. எனவே இருவர் சுவையும் முற்றும் ஒன்றே; அளவுகோல் மட்டுமே வேறு. மூன்றாமவர் சராசரியும் 4. ஆயின் அவருடையன 2 கீழ், 1 கீழ், 3 மேல் என நேர்மாறாக உள்ளன.

இனி, முதலாமவர் கேளாத நான்காம் பாட்டொன்று உளது. இரண்டாமவர் அதற்கு 6 இட்டார். அஃதாவது தம் சராசரிக்கு 2 மேல். மூன்றாமவர் 2 இட்டார். அஃதாவது தம் சராசரிக்கு 2 கீழ். ஒத்த சுவையினர் 2 மேல் என்றார். எதிர்ச்சுவையினர் 2 கீழ் என்றமையின் அதனையும் திருப்பி 2 மேல் என்றே கொள்ளல் வேண்டும். முதலாமவர் சராசரி 5. அதனோடு 2 கூட்ட 7 ஆகும். அப்பாட்டு அவர்க்கு மிக இனிக்கும் என்று பொறி துணிந்து கூறும். புள்ளியியலார் இவ்வொப்பீட்டை ஒட்டுறவுக் கெழு என்பர். குரூப்லென்ஸ் கையாண்ட முறை இதுவே. நடைமுறையில் பலருடைய மதிப்பெண்கள் அவரவர் ஒப்புமையின் அளவிற்கேற்ப நிறுக்கப்படுகின்றன. ஆயினும் அடிப்படை இத்துணையே.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. பொறி அப்பாட்டைக் கேட்டதன்று. அதன் பண்ணையும் தாளத்தையும் மொழியையும் அறிந்ததன்று. கேட்ட மாந்தர் இட்ட மதிப்பை மட்டுமே அது அறியும். எனவே இசைக்குப் பயன்படும் இதே கணக்கு நூலுக்கும் திரைப்படத்திற்கும் இணையத்தளத்திற்கும் மாற்றமின்றிப் பயன்படும். இம்முறையின் ஆற்றலும் குறையும் ஆகிய இரண்டும் இவ்வியல்பினின்றே பிறக்கின்றன.

சொல்லிய சுவையும் ஒழுகிய சுவையும்

மதிப்பெண் இடுமாறு கேட்டால் மக்கள் தாம் விரும்புவதைக் கூறுவதோடு, விரும்ப வேண்டும் எனத் தாம் எண்ணுவதையும் கூறிவிடுவர். அரும்பெரும் கீர்த்தனங்களுக்கு ஏழு மதிப்பெண் இட்டவர் மாலையில் கேட்பது வேறாக இருத்தல் கூடும். இவ்விடர்ப்பாட்டை நீக்கும் வழியொன்றை 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக மாணவர் ரிச்சர்டு ஜோன்ஸ் கண்டார். அவர் அமைத்த ‘ஆடியோசுகிராப்ளர்’ என்னும் நிரல், ஒருவர் தம் கணிப்பொறியில் கேட்கும் ஒவ்வொரு பாட்டையும் தானே குறித்துக்கொள்ளும். அது 2005ஆம் ஆண்டில் இலண்டனில் இயங்கிய ‘லாஸ்ட் எஃப்.எம்.’ என்னும் அமைப்போடு ஒன்றாயிற்று. ஒவ்வொருவர்க்கும் அவரை ஒத்துக் கேட்போரின் பட்டியலை ‘அண்டை வீட்டார்’ என்ற பெயரால் அது காட்டியது. அவ்வண்டை வீட்டார் பக்கத்திற்குச் சென்று, அவர் இவ்வாரம் என்ன கேட்டார் என்று யாரும் காணலாம்.

‘அண்டை வீட்டார்’ என்ற இப்பெயர் மிகப் பொருத்தமானது. அடுத்த வீட்டிலிருந்து வரும் பாட்டொலி கேட்டு நாம் புதியதொரு பாடலை அறிவதுண்டு. ஈண்டு வீடுகள் நிலத்தால் அன்றிச் சுவையால் அடுத்தடுத்து அமைகின்றன. நெடுந்தொலைவில் வாழ்பவரும் நமக்கு அடுத்த வீட்டினர் ஆகலாம். அவ்வமைப்பு தன் வானொலிப் பகுதியை 2014ஆம் ஆண்டில் நிறுத்தியது. கேட்டவற்றைப் பதியும் பணி அதன் பின்னும் தொடர்ந்தது.

இணையத்தளங்களுக்கும் இத்தகைய வழிகள் உண்டாயின. 2001ஆம் ஆண்டில் கனடாவின் கால்கரி நகரில் கேரட் காம்ப் முதலியோர் தொடங்கிய ‘ஸ்டம்பிள்அப்பான்’ ஒன்று. பயன்படுத்துவோர் தமக்கு விருப்பமான பொருள்களைக் குறித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவர். அப்பொருள்களில் நாட்டமுடைய பிறர் நன்றெனக் குறித்த தளமொன்று அவர்முன் தோன்றும். அவரும் நன்றென்றோ அன்றென்றோ குறிப்பர். அக்குறிப்பு அடுத்து வருவார்க்கு உதவும். 2003ஆம் ஆண்டில் ஜோஷுவா சாக்டர் தொடங்கிய ‘டெலிசியஸ்’ மற்றொன்று. ஒருவர் மீண்டும் காணவேண்டிய பக்கங்களைத் தம் சொற்களாலேயே குறிச்சொல் இட்டுச் சேமிப்பார். அச்சேமிப்பு பிறர்க்கும் புலப்படும். நாம் சேமித்த அரிய பக்கம் ஒன்றனை வேறு யாவர் சேமித்துள்ளனர் என்று கண்டு, அவர்தம் பிற சேமிப்புகளுள் புகலாம். புஷ் கனவுகண்ட வழித்தடத்திற்கு இஃது அணித்தாய் வந்தது.

இவ்விரண்டற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. முன்னதில் வழிகாட்டி மறைந்து நிற்க, வழி மட்டும் தோன்றும். பின்னதில் வழிகாட்டியின் பெயர் தோன்றும். அவர் எச்சொல்லால் அதனைக் குறித்தார் என்பதும் தோன்றும். இவ்வேறுபாட்டிற்கு இறுதியில் மீண்டும் வருவோம்.

கூட்டமும் சுற்றமும்

ஒத்த சுவையினர் கூறுவதும் பெருங்கூட்டம் கூறுவதும் ஒன்றெனச் சிலர் மயங்குவர். அவை வெவ்வேறு என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரால் 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அவர்கள் பெயர் பெறாத இசைக்குழுவினரின் 48 பாட்டுக்களை ஓர் இணையத்தளத்தில் வைத்தனர். 14,341 பேர் அவ்வாய்வில் கலந்துகொண்டனர். வந்தவருள் ஒரு பகுதியினர், பிறர் எதனை எடுத்தனர் என்று அறியாமல் தாமே கேட்டுத் தெரிந்தெடுத்தனர். ஏனையோர் எட்டுத் தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டனர். அவ்வவ்வுலகில் ஒவ்வொரு பாட்டையும் முன்னர் எத்தனை பேர் எடுத்தனர் என்ற எண்ணிக்கை அவர்க்குக் காட்டப்பட்டது.

எண்ணிக்கை காட்டப்பட்ட உலகங்களில் பாட்டுக்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு மிக்கது. ஓங்கியவை மேன்மேல் ஓங்கின. அதனினும் வியப்பானது, எது ஓங்கும் என்பது உலகுதோறும் வேறுபட்டமை. மிகச் சிறந்தவை முற்றும் வீழ்தல் அரிது. மிகத் தாழ்ந்தவை முதலிடம் பெறுதல் அரிது. இடைப்பட்டவை எந்நிலையும் எய்தின. தொடக்கத்தில் சிலர் தற்செயலாக எடுத்ததே பின்னர்ப் பலர் எடுப்பதற்குக் காரணமாயிற்று. கூட்டத்தின் எண்ணிக்கை பாட்டின் தகுதியை மட்டும் அளப்பதன்று. தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இயல்பும் அதற்குண்டு.

ஒத்த சுவையினர் முறை இதனினும் நுட்பமானது. இருவர்க்குப் பொதுவானது எவ்வளவு அரியது என்பதை நோக்குவதே அதன் சிறப்பு. தமிழ் கற்றார் இருவரும் திருக்குறளைப் படித்தவர் என்றால், அதனால் அவர்தம் சுவை பற்றி நாம் அறிவது சிறிதே. இருவரும் யாப்பருங்கல விருத்தியில் தோய்ந்தவர் என்றால் அறிவது பெரிது. அதனாலன்றோ அரிய நூலொன்றன் பெயரை எதிர்பாராவிடத்தில் ஒருவர் வாயிற் கேட்டால் நம் உள்ளம் துள்ளுகின்றது! பலர் அறிந்தவற்றிற்குக் குறைந்த நிறையும் சிலர் அறிந்தவற்றிற்கு மிகுந்த நிறையும் தருதல் வேண்டும் என்பதை 1998ஆம் ஆண்டிலேயே கணிப்பொறி ஆராய்ச்சியாளர் கணக்கில் அமைத்துக் காட்டினர்.

முறையின் குறைகள்

இம்முறையின் முதற்குறை, தொடக்கம் இல்லாததற்கு வழியில்லை என்பது. ஒருவரும் கேளாத பாட்டிற்கு அண்டை வீட்டார் இலர். ஆகலின் அது யார்க்கும் காட்டப்படுவதில்லை. காட்டப்படாமையின் ஒருவரும் கேளார். பழைய இசைத்தட்டொன்றனை ஒருவர் அரும்பாடுபட்டு மின்வடிவாக்கி இணையத்தில் ஏற்றினும், முதலிற் கேட்பார் சிலர் வாயாவிடின் அது பேழையுட் கிடந்த ஏட்டினும் வேறன்று. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பண்டோரா’ நிறுவனத்தார் இதற்கு மாற்று வழி கண்டனர். பயிற்சி பெற்ற இசையறிஞர் ஒவ்வொரு பாட்டையும் கேட்டு, ஏறத்தாழ 450 கூறுகளாகப் பகுத்துக் குறித்தனர். நம் இலக்கண ஆசிரியர் செய்யுளைச் சீர், தளை, தொடை எனப் பகுத்தது போன்றது இது. கேட்பார் இல்லாத பாட்டையும் இவ்வழியால் இனங்காணலாம். ஆயின் பகுத்தற்கு அறிஞர் வேண்டும். அவர்தம் உழைப்பும் காலமும் வேண்டும்.

இரண்டாங்குறை, வட்டம் சுருங்குதல். தம்மையொத்தாரோடு மக்கள் கூடுதலைப் பற்றி 1954ஆம் ஆண்டில் லாசர்சுபெல்டு, மெர்ட்டன் ஆகிய சமூகவியலறிஞர் ஆராய்ந்து அதற்கொரு பெயரும் இட்டனர். ஒத்தாரை ஒத்தார் நாட, அவர் காட்டியதையே இவரும் இவர் காட்டியதையே அவரும் காண்பர். சில காலத்தில் அவ்வட்டத்தில் புதியது புகுதற்கு வாயில் இராது. இதற்கு மருந்தாவது எது என்பதை 1973ஆம் ஆண்டில் மார்க் கிரானவெட்டர் எழுதிய கட்டுரை சுட்டுகிறது. பாஸ்டன் நகரையடுத்த நியூட்டன் என்னும் ஊரில், பழக்கமானவர் வழியாகப் புதிய வேலையை அறிந்தோரை அவர் வினவினார். அவ்வாறு அறிவித்தவரை அடிக்கடி காண்பவராய் இருந்தோர் ஆறில் ஒரு பங்கினரே. ஏனையோர் எப்பொழுதேனும் காண்போர், அல்லது காண்டல் அரியோர். நெருங்கிய நண்பர் நாம் அறிந்ததையே அறிவர். தொலைவில் உள்ளாரே வேற்றுலகச் செய்தியைக் கொணர்வர். கும்பகோணத்து நிகழ்ச்சியில் நாம் கண்டதும் இதுவே.

மூன்றாங்குறை, சுவை ஆளைக் காட்டிக்கொடுத்தல். 2006ஆம் ஆண்டில் நெட்பிலிக்ஸ் நிறுவனம், திரைப்பட மதிப்பீட்டைத் தன் கணக்கினும் நூற்றுக்குப் பத்துப் பங்கு திருத்தமாக முன்கூறுவார்க்குப் பத்து இலட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ஏறத்தாழ 4,80,000 பேர் இட்ட 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. பரிசு 2009ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. அதற்கிடையில் அரவிந்த் நாராயணன், விட்டாலி சுமாட்டிகாவ் ஆகிய இருவர், பெயர் நீக்குதல் மறைப்பாகாது எனக் காட்டினர். ஒருவர் இட்ட எட்டு மதிப்பெண்களும் அவற்றை இட்ட நாளும் தெரியின், அவற்றுள் இரண்டு முற்றும் பிழைபடினும், நாட்கள் இரு கிழமை முன்பின்னாயினும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பதிவுகளைத் தனித்துக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் முடிபு. அடுத்து அறிவிக்கப்பட்ட இரண்டாம் போட்டி 2010ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அரிய சுவையே மிகுந்த செய்தி தரும் என்று மேலே கூறினோம். அவ்வரிய சுவையே ஆளையும் எளிதிற் காட்டிவிடும் என்பது அதன் மறுபக்கம்.

மறைந்த வழிகாட்டி

இக்குறைகளினும் பெரிதாக நாம் கருதுவது ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டு முதல் ‘ஸ்பாட்டிபை’ என்னும் இசை நிறுவனம், கேட்போர் ஒவ்வொருவர்க்கும் திங்கட்கிழமைதோறும் முப்பது பாட்டுக்கள் கொண்ட தனிப்பட்டியலை வழங்கத் தொடங்கியது. பிற கேட்போர் தமக்கெனத் தொகுத்துவைத்த பட்டியல்களில் எப்பாட்டோடு எப்பாட்டு அடுத்து நிற்கின்றது என்பதை நோக்கியே அது பெரிதும் அமைகின்றது. பட்டியல் பலர்க்கு இனிக்கின்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனைப் பெறுவார், எவர் தொகுத்ததனால் இப்பாட்டுத் தமக்கு வந்தது என்று அறியார். அவ்வறியாத் தோழர்க்கு நன்றி கூறவும், ‘வேறென்ன அறிவீர்’ என்று வினவவும் வழியில்லை. வாய்ச்சொல்லின் பயன் எஞ்சியது, வாய் மறைந்தது.

பெயரொடு தோன்றிய வழித்தடங்களும் நிலைத்தில. டெலிசியஸ் 2005ஆம் ஆண்டில் யாகூ நிறுவனத்தார் கைக்குச் சென்று, பின்னர்ப் பலர் கைமாறி, 2017ஆம் ஆண்டில் புதியன சேர்க்க இயலாத காப்பகமாயிற்று. ஸ்டம்பிள்அப்பான் 2018ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் மூடப்பட்டது. பல்லாயிரவர் பல்லாண்டு நடந்து அமைத்த தடங்கள் ஒரு வணிக முடிவால் அழிதல் கூடும் என்பதை இவை காட்டுகின்றன.

இதனை நம் மரபோடு ஒப்பிட்டு நோக்குதல் தகும். சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில், எந்த ஏட்டுச்சுவடி எவ்வூரில் எவரிடமிருந்து கிடைத்தது என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சுட்டி எழுதிவைத்தார். அதனை நன்றியறிதல் என்று மட்டும் கொள்ளல் குறையாகும். பின்வரும் ஆராய்ச்சியாளன் அவ்வூருக்கும் அக்குடும்பத்திற்கும் மீண்டும் செல்லுதற்குரிய வழித்தடம் அது. பாடம் ஐயுறப்பட்டவிடத்து மூலத்தை நாடுதற்கு அதுவே சான்று. எவர் வழி வந்தது என்பது நீங்கின், வந்ததன் தகுதியை ஆராயும் வாயிலும் அடைபடும்.

ஆராய்ச்சியாளர் கடன்

மேற்கூறியவற்றிலிருந்து முதுகலை மாணவர்க்கு நாம் கூற விரும்புவன சில. ஒன்று, இணையத்தில் பயனுடைய தளத்தையோ ஏட்டையோ ஒலிப்பதிவையோ கண்டவிடத்து, அதனை எவர் வழி, எந்நாளில் அறிந்தோம் என்பதையும் உடன் குறித்துவைத்தல் வேண்டும். இரண்டு, தமக்குரிய பட்டியலைத் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும்; நிறுவனம் ஒன்றன்கண் மட்டும் விடுத்து அமைதல் கூடாது. மூன்று, ஒத்த துறையினரோடு பழகுவதோடு அமையாது, அடுத்த துறையினர் ஒருவரையேனும் அறிந்திருத்தல் வேண்டும். கல்வெட்டு ஆராய்வானுக்கு இசைவல்லாரும், இலக்கணம் ஆராய்வானுக்கு நாட்டுப்பாடல் தொகுப்பாரும் சேலத்து முதலியார் ஆகக்கூடும்.

நான்கு, அரியதொன்றனை முதலிற் கேட்பவராகவும் முதலிற் கூறுபவராகவும் இருத்தல் வேண்டும். தொடக்கம் இல்லாததற்கு வழியில்லை என்றோம். அத்தொடக்கத்தைத் தரவல்லவர் ஆராய்ச்சியாளரே. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தமிழன்பர்கள் தாமே முன்வந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, எவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் வைக்கும் பணியாகும். ஒருவரையொருவர் நேரிற் காணாத பலர் ஒத்த விருப்பம் ஒன்றனாலேயே கூடி இதனைச் செய்தனர். அவர்கள் ஏற்றிவைத்த நூலை ஒருவர் படித்து, மற்றொருவர்க்கு இன்னின்ன காரணத்தால் இது படிக்கத்தக்கது என்று கூறும்போதே அப்பணி நிறைவுறுகின்றது.

முடிவுரை

ஒத்த சுவையினர் வழியாகப் புதியதை அறிதல் மாந்தரின் பழைய வழக்கம். கணிப்பொறி அதனைப் புதிதாகப் படைக்கவில்லை. அளவிற் பெருக்கியது, கணக்கால் திருத்தமாக்கியது, தொலைவைக் குறைத்தது. அதே வேளையில் வழிகாட்டியின் முகத்தை மறைத்தது. வட்டத்தைச் சுருக்கும் இயல்பையும் தன்னுள் கொண்டது. ஒப்புமையால் நம்பிக்கையும் வேறுபாட்டால் புதுமையும் பிறக்கும் என்று தொடக்கத்திற் கண்டோம். பொறியமைப்போர் முன்னதையே பெரிதும் நாடுகின்றனர். ஏனெனில் அது கணக்கிற்கு எளிதில் அகப்படுவது. பின்னதை நாடுவது நம் பொறுப்பு. பொறி தரும் பட்டியலை நாம் ஒதுக்க வேண்டுவதில்லை. அதனைப் பெற்றுக்கொண்டே, நாம் அறிந்த நூல்களையெல்லாம் கேட்டபின் மேலும் ஒன்றனை வினவும் முதலியாரையும் தேடிக்கொள்ளுதல் வேண்டும். இயலுமாயின், பிறர்க்கு நாமே அத்தகைய முதலியாராதலும் வேண்டும்.